ஊருக்கு ஏற்ற வடிவமைப்பு: வாசகர் கேள்வி – பதில்

ஒரு பொருளையோ செயலியையோ வடிவமைக்க முன் செய்யும் ஆய்வில், உள்ளூர்ப் பண்பாட்டையும் வெளியுலகப் பண்பாட்டையும் எப்படிக் கணக்கில் எடுப்பது? வன்னியிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எப்போது திறக்கப்படும் என்பதைக் கமக்காரருக்கு அறிவிக்கும் செயலி ஒன்றை இறுதியாண்டுத் திட்டமாகச் செய்கிறேன். "பண்பாட்டுக் காரணிகள்" என்ற அத்தியாயத்துக்கு நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிடும் ஹொஃப்ஸ்டீடின் நாட்டுப் புள்ளிகளைப் பயன்படுத்தலாமா? – மாணவி, கிளிநொச்சி

பதில்: அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தவை என்று முதலில் பாருங்கள். 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் நிரப்பப்பட்ட 116,000க்கும் மேற்பட்ட வினாக்கொத்துகளை வைத்துத்தான் கேர்ட் ஹொஃப்ஸ்டீட் 1980இல் தன் நூலை வெளியிட்டார். பதில் சொன்னவர்கள் எல்லோரும் ஒரே கம்பனியின் சம்பளக்காரர். கிடைத்தது நாட்டுச் சராசரி. அதை ஓர் ஆளின் குணமாகப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்று ஹொஃப்ஸ்டீடே எழுதியிருக்கிறார். ஒரு கம்பனியின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே அளக்கலாமா என்று 2002இல் பிரெண்டன் மக்ஸ்வீனி விரிவாகவே கேட்டார். இந்த வாதத்தை உங்கள் இலக்கிய மீளாய்வில் இரண்டு பக்கம் எழுதுங்கள். உங்கள் மேற்பார்வையாளரும் அதை விரும்புவார். ஆனால் செயலியின் ஒரு பொத்தானைக்கூட அந்தப் புள்ளிகளை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

நாட்டுக்கே ஒரு புள்ளி என்பது இருக்கட்டும், வன்னிக்கென்று ஒரே பண்பாடு இருக்கிறதா? பழைய வன்னிக் கிராமத்தவர், குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், 1970களில் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர், 1990இல் வெளியேற்றப்பட்டுப் பிறகு திரும்பிய முஸ்லிம்கள், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வந்தவர், கரையோரக் கடற்றொழிலாளர் என்று எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் இரண்டு வீடுகளில் முடிவெடுக்கும் ஆளும் வேறு, முடிவெடுக்கும் முறையும் வேறு.

ஆகவே செய்தி போன பாதையைத் தேடுங்கள். "கடைசியாகத் தண்ணீர் திறந்தபோது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?" என்று கேளுங்கள். "அவர் சொன்னார்" என்றால் அந்த "அவரிடம்" போய் அதே கேள்வியைக் கேளுங்கள். கமக்காரர் அமைப்பு வரையும், அங்கிருந்து நீர்ப்பாசனத் திணைக்களம் வரையும் இப்படியே பின்னோக்கிப் போங்கள். வாய்க்காலின் தலைப்பில் 3 பேர், நடுவில் 3 பேர், கடையில் 3 பேர் போதும். ஒவ்வொருவருக்கும் செய்தி வந்த நேரத்தையும் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நேரத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்த இடத்தில் செய்தி பிந்துகிறது அல்லது திரிகிறது என்பது தெரியும். உங்கள் வடிவமைப்பு அங்கேதான் தேவை.

இந்த வேலை வழக்கமாக மூன்று இடங்களில் பிழையாகப் போகும். முதலாவது, அமைப்பின் தலைவர் காட்டும் வீடுகளுக்கு மட்டும் போவது. அவை பெரும்பாலும் தண்ணீர்க் கவலை குறைந்த காணிகள். குத்தகைக்குச் செய்பவரின் பெயர் அமைப்பின் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம்; வயலில் நிற்பவரிடம் கேட்டுத்தான் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது, போன் நம்பரை ஆள் என்று எடுத்துக்கொள்வது. பதிவில் இருக்கும் இலக்கம் மகளுடையதாக இருக்கும், அவள் வவுனியாவில் படித்துக்கொண்டிருப்பாள். தகப்பனோ இரவில் வயல்காவலில் நிற்பார். "இந்த போன் பகலில் யாரிடம், இரவில் யாரிடம்? ரீலோட் போடுவது யார்?" என்று கேட்டு எழுதுங்கள். மூன்றாவது, முடிவையும் அறிவிப்பையும் குழப்புவது. சிறுபோகத்தில் எவ்வளவு காணி செய்வது என்று குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். அங்கே வாதாடவும் மறுக்கவும் ஆட்களுக்கு இடமுண்டு. அந்தக் கூட்டத்தையே செயலிக்குள் அடக்கப் பார்த்தால் ஒருவரும் தொடமாட்டார்கள். குரல் செய்தியாக வரும் அறிவிப்பை மட்டும் கொடுத்தால் அதைக் கேட்பார்கள், பக்கத்து வயல்காரருக்கும் அனுப்புவார்கள்.

கேள்வி: கள ஆய்வுக்கு எந்த மாதம் நல்லது? – வாசகர், துணுக்காய்

பதில்: எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வேலை நடக்கும் நாளில் போங்கள். புரட்டாதி, ஐப்பசியில் விதைப்பு, தை, மாசியில் காலபோக அறுவடை. கேள்வி கேட்காமல் வரம்பில் நின்று பாருங்கள். இருந்து கதைக்க வேண்டுமென்றால் பங்குனி நல்லது. வற்றாப்பளைப் பொங்கல் வரும் வைகாசி நாட்களையும், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவை ஒட்டிய நாட்களையும் விட்டுவிடுங்கள்.

விலை பற்றிய கேள்விக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போது "5,000 ரூபாய்க்கு வாங்குவீர்களா?" என்றால் ஓம் என்பார்கள். நகை அடகில் இருக்கும் மார்கழியில் அதே ஆள் இல்லை என்பார். இரண்டு காலத்திலும் கேட்டு, மார்கழியில் கிடைத்த பதிலை வைத்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி: எமது திட்டத்தில் 40 வீடுகளுக்கு விறகு சேமிக்கும் களிமண் அடுப்புக் கொடுத்தோம். காட்டியபோது எல்லோரும் "நல்லாயிருக்கு" என்றார்கள். மூன்று மாதத்தில் பாதி அடுப்பு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஏன் முதலே சொல்லவில்லை? – களப் பணியாளர், மல்லாவி

பதில்: கொண்டுவந்தவரின் முகத்துக்கு முன்னால் குறை சொல்வது மரியாதைக்கேடு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். குறை சொன்னால் அடுத்த உதவிப் பட்டியலில் பெயர் விடுபடுமோ என்ற பயமும் உண்டு. இது வன்னிக்கு மட்டும் உரியதும் இல்லை. பெங்களூரில் 450 பேரிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வொன்றில் ஒரே மாதிரியான தொழில்நுட்பப் பொருள்கள் இரண்டைக் காட்டி, ஒன்றை மட்டும் "இது நான் செய்தது" என்று ஆய்வாளர் சொன்னார். ஆட்கள் அதையே தெரிவு செய்யும் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு ஆனது. மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டு ஆய்வாளர் கேட்டபோது 5 மடங்கு. உங்கள் "நல்லாயிருக்கு"களை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை ஓர் அடுப்பை மட்டும் கொண்டுபோக வேண்டாம். இரண்டு அல்லது மூன்று வகையைக் கொண்டுபோங்கள். இலங்கையில் 1980களில் உருவான இரட்டை வாய் அனகி அடுப்பும் அதில் ஒன்றாக இருக்கலாம். எதையும் உங்களுடையது என்று சொல்லாதீர்கள். அடுப்பை வடிவமைத்தவர் அந்த இடத்தில் இருக்கவே கூடாது. "பிடித்திருக்கிறதா?" என்ற கேள்வியை விட்டு, "பக்கத்து வீட்டு அக்கா இதை வாங்கினால் எதற்குப் பாவிக்கமாட்டா?" என்று கேளுங்கள். மூன்றாம் ஆளின் வாயால் குறை இலகுவாக வெளியே வரும்.

பிறகு 6 முதல் 8 வீடுகளில் இரண்டு கிழமை விட்டுவையுங்கள். சொல்லாமல் ஒரு முறை போய் அடுப்பைப் பாருங்கள். வாயில் கரி எவ்வளவு, சாம்பல் புதிதா, பழைய மூன்று கல் இன்னும் சூடாக இருக்கிறதா என்பவை வினாக்கொத்தைவிட நம்பகமானவை. விறகைக் கேட்டு எழுதாமல் தராசில் நிறுத்து எழுதுங்கள். காலையில் ஒரு கட்டை நிறுத்து வையுங்கள், அந்தக் கட்டிலிருந்து மட்டும் எரிக்கச் சொல்லுங்கள், அடுத்த நாள் மிச்சத்தை நிறுங்கள். குறைந்தது 3 நாள் தொடர்ந்து வேண்டும். வீட்டுக்கு வீடு ஒப்பிட, 15 முதல் 59 வயது வரையான ஆண் 1, வளர்ந்த பெண் 0.8, 60ஐ எட்டிய ஆண் 0.8, 14 வயது வரையான பிள்ளை 0.5 என்று சாப்பிட்டோரை எண்ணுவது அடுப்பு ஆய்வுகளில் உள்ள முறை. செத்தவீடு, விரதம், விருந்தாளி வந்த நாள் என்றால் ஓரத்தில் குறித்து, அந்த நாளை விலக்குங்கள். விறகின் ஈரமும் முக்கியம். மழைக்குள் நிறுத்த 5 கிலோவும் கோடையில் நிறுத்த 5 கிலோவும் ஒன்றல்ல.

இனி, அடுப்பு ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு நீங்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள். நெல் அவிக்கும் கிடாரம் அந்த வாயில் இருக்குமா? பெரும்பாலும் இருக்காது, எனவே கல் அடுப்பு எப்படியும் தேவைப்படும். இரண்டு இருந்தால் பழகியதே வெல்லும். எரிப்பது என்ன? பனை மட்டை, தென்னம் பாளை, ஊமல், நீளமான காட்டுக்கொள்ளி. மூன்று கல்லில் நீளக் கொள்ளியை வைத்துத் தள்ளித் தள்ளி எரிக்கலாம். சிறுவாய் அடுப்புக்கு அதை வெட்டிப் பிளக்க வேண்டும். ஆண் துணையில்லாத வீடுகள் நிறைந்த ஊரில் அந்தக் கோடாலி வேலை யார் தலையில் விழுகிறது? நீங்கள் மிச்சப்படுத்திக் கொடுத்த விறகைவிட அது பெரிய சுமை. மேலே பாருங்கள்: கிடுகுக் கூரைக் குசினியில் அடுப்புக்கு மேல் விதைக் கதிரும் கருவாடும் தொங்குகிறதா? அப்படியானால் புகைக்கும் அங்கே வேலை உண்டு. அது பூச்சியை விரட்டுகிறது. புகைபோக்கி வைத்துப் புகையை வெளியேற்றினால் விதையைப் பாதுகாக்க வேறு வழியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் ஒரு குசினியில் ஒரு காலைப்பொழுது இருந்தால் தெரிந்துவிடும். 40 அடுப்பு கொடுக்க முன்பே அதைச் செய்திருக்க வேண்டும். இப்போதும் பிந்தவில்லை, கைவிட்ட வீடுகளிலிருந்தே தொடங்குங்கள். அவர்களுக்குத்தான் அடுப்பின் குறை முழுவதும் தெரியும்.

கேள்வி: வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி என்னவாக இருக்க வேண்டும்? எங்கள் படிவம் "குடும்ப அங்கத்தவர் எத்தனை பேர்?" என்று தொடங்குகிறது. – மாணவர், வவுனியா

பதில்: அதை உடனே எடுத்துவிடுங்கள். 2009இல் உறவுகளை இழந்தவர், காணாமலாக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருப்பவர் வாழும் ஊர்கள் இவை. மகனைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று ஒரு தாய் உங்கள் படிவத்துக்காக முடிவெடுக்கக் கூடாது. சமையல் பற்றிய ஆய்வென்றால் "இன்றைக்கு எத்தனை பேருக்குச் சமைக்கிறீர்கள்?" என்பது போதும். போன் பற்றியதென்றால் "இந்த வீட்டில் எத்தனை போன்?" போதும். தேவையில்லாத எண்ணிக்கை எதையும் கேட்காதீர்கள்.

கையெழுத்தும் அப்படித்தான். எத்தனையோ படிவங்களில் கையெழுத்து வைத்துக் களைத்தவர்கள் அவர்கள். ஆய்வு எதற்கு, எத்தனை நிமிடம், பெயர் எங்கே போகும், என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை வாயால் சொல்லி, வாயால் சம்மதம் வாங்கி, நீங்கள் திகதியிட்டு எழுதி வையுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு வாய்மொழிச் சம்மதத்தை ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். "உதவி வரும்" என்ற நினைப்போடு ஒருவரும் இருக்க விடாதீர்கள். படம் எடுத்தால் எடுத்த உடனேயே காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர் பார்க்கவே அழியுங்கள். சுவரில் மாலை போட்ட படம் இருந்தால் கமெராவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம்.

கேள்வி: பங்குபற்றுவோருக்குக் காசு கொடுக்கலாமா? – வாசகி, நெடுங்கேணி

பதில்: கொடுக்க வேண்டும். அவர்களுடைய அரைநாளை எடுத்தால், அந்தப் பருவத்தில் அந்த ஊரில் நடக்கும் அரைநாள் கூலியைக் கொடுங்கள். பேட்டி தொடங்க முன்பே கொடுங்கள். முடிவில் கொடுத்தால் நல்ல பதில் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்று ஆகிவிடும்.

கேள்வி: குடிக்க உதவாத கிணறுகளைக் காட்டும் அறிவிப்புப் பலகைக்கும் செயலிக்கும் உலகெங்கும் பாவிக்கும் மண்டையோட்டுச் சின்னம் போதாதா? – வாசகர், மாங்குளம்

பதில்: சிவப்புப் பலகையில் மண்டையோடு என்றால் வன்னியில் மிதிவெடி. கண்ணிவெடி அகற்றும் இடங்களில் பல ஆண்டுகள் நின்ற பலகை அது. பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கிணற்றடியில் அதை வைத்தால், தண்ணீரை விட்டு ஆட்கள் காணியையே தவிர்ப்பார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, உண்மையான மிதிவெடிப் பலகையைப் பார்த்து ஒரு பிள்ளை "தண்ணிதான் கூடாதாம்" என்று நினைப்பது. ஒரு சின்னத்துக்கு ஓர் ஊரில் ஏற்கனவே உயிர்காக்கும் பொருள் இருந்தால் அதை வேறெதற்கும் எடுக்கக் கூடாது.

புதிய சின்னத்தைச் சோதிப்பது கடினமில்லை. உள்ளங்கை அளவு அட்டையில் வரைந்து, எழுத்தில்லாமல், தெரிவுகள் கொடுக்காமல், "இதை ஒரு கிணற்றடியில் பார்த்தால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். அமெரிக்கப் பாதுகாப்புச் சின்னத் தரத்தின்படி குறைந்தது 50 பேரில் 85% பேர் சரியாகச் சொல்ல வேண்டும், நேர்மாறாக விளங்கியவர் 5%ஐத் தாண்டக் கூடாது. அந்த 5% கணக்கை விட்டுவிடாதீர்கள். "குடிக்கலாம்" என்று விளங்கிய ஒருவரே போதும், சின்னத்தை மாற்ற. வாசிக்கத் தெரியாதவர்களும் பெரும்பாலும் இலக்கங்களை அறிவார்கள், எனவே செயலியில் இலக்கத்தைப் பயமில்லாமல் பாவிக்கலாம்.

கேள்வி: எத்தனை பேரைப் பார்த்தால் போதும்? ஐந்து பேர் என்கிறார்களே. – வாசகர், செட்டிகுளம்

பதில்: பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் சொன்ன ஐந்து, ஒரே மாதிரியான பயனர்கள் ஒரு திரையைப் பாவிக்கும்போது அதிலுள்ள பிழைகளைக் கண்டுபிடிப்பதற்கு. குழு வேறுபட்டால் குழுவுக்கு 3 அல்லது 4 பேர் என்று அவரே சொல்லியிருக்கிறார். வாழ்க்கை முறையை அறிய அந்த எண் பொருந்தாது. புதிதாக ஒன்றும் வராத நிலை வரும் வரை ஒவ்வொரு குழுவிலும் பார்த்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: உள்ளூர்ப் பழக்கம் ஓர் உலகப் பொருளை உண்மையிலேயே மாற்றிய உதாரணம் ஒன்று சொல்லுங்கள். – ஆசிரியை, பூநகரி

பதில்: ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால். அதற்கு முன் பரவலாக இருந்த மேற்கத்தியச் செயற்கைப் பாதத்துக்குள் விறைப்பான கட்டை. அதைச் சப்பாத்துக்குள் போட்டால்தான் நடக்கலாம். குந்த முடியாது, சம்மணம் கட்ட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் இறப்பரை அச்சில் வேகவைத்து, பல பக்கம் மடியும், நனையக்கூடிய, வெறுங்காலாகவே நடக்கத்தக்க பாதத்தைச் செய்தார்கள். இன்று பல நாடுகளில் அது பொருத்தப்படுகிறது. வடக்கில் கால் இழந்த பலரும் அதில்தான் நடக்கிறார்கள். கையால் செய்வதால் பட்டறைக்குப் பட்டறை தரம் மாறுவது அதன் குறை.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி: ஒரு கமக்காரரின் ஒரு நாளில் உடம்பு எடுக்கும் நிலைகளை எல்லாம் நிமிடக் கணக்கோடு எழுத விடுங்கள். குந்துதல், வரம்பில் நடத்தல், கிணற்றுக் கட்டில் ஏறுதல், சைக்கிள் மிதித்தல், கோயில் வாசலில் செருப்புக் கழற்றுதல். பண்பாடு என்று புத்தகத்தில் படித்ததைவிட அதிகம் அந்தத் தாளில் இருக்கும்.

கேள்வி: பனையோலைப் பெட்டிகள் செய்யும் பெண்கள் குழு நாங்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப விருப்பம். அங்கே போகாமல் அந்த ஆட்களின் பழக்கத்தை எப்படி ஆய்வு செய்வது? – புதுக்குடியிருப்பு

பதில்: 1999இல் பில் கேவர், டோனி டன், எலேனா பசெந்தி மூவரும் எழுதிய முறை ஒன்று உங்களுக்குப் பொருந்தும். ஒஸ்லோ, ஆம்ஸ்ரர்டாம், இத்தாலியின் பெச்சொலி ஆகிய இடங்களின் முதியவர்களிடம் அஞ்சலட்டை, வரைபடம், கமெரா கொண்ட பொதிகளைக் கொடுத்து, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பதிந்து அனுப்பவைத்தார்கள். நீங்கள் வட்ஸ்அப்பில் செய்யலாம். 8 வீடுகள் எடுங்கள். பாதி புலம்பெயர்ந்த தமிழர், மற்றப் பாதி அவர்களுடைய அயலவர் அல்லது வேலைத்தல நண்பர். 7 நாள், நாளுக்கு ஒரு சிறு வேலை: வீட்டு வாசலில் பொருள் வைக்கும் இடத்தைப் படம் எடுங்கள்; பாண் வைக்கும் இடம்; அழுக்குத் துணி போடும் இடம்; இந்த வருடம் எறிந்த கூடை ஒன்றும் அதன் காரணமும்; கடைசியாகக் கொடுத்த அன்பளிப்பும் விலையும். படத்தில் பக்கத்தில் ஓர் ஏ4 தாளை வைக்கச் சொல்லுங்கள். அது 210க்கு 297 மில்லிமீற்றர், அதை வைத்து எல்லா அளவையும் கணக்கிடலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் கடிதத்தாள் 216க்கு 279, அதைக் குழப்ப வேண்டாம்.

இரண்டு குழுவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். தமிழர் நீத்துப்பெட்டியும் சுளகும் கேட்பார்கள், சரியான ஊர் அளவிலேயே வேண்டும். அயலவர் அலுமாரித் தட்டில் செருகும் பெட்டி கேட்பார்கள். தளபாடக் கம்பனியான ஐகியாவின் கலக்ஸ் தட்டின் அறை 33க்கு 33 சென்ரிமீற்றர். உங்கள் பெட்டியின் வெளி அளவு, விளிம்புக் கட்டு உட்பட, 32க்குள் நிற்க வேண்டும். ஓலை வேலையில் விளிம்பு ஒரு சென்ரிமீற்றர் தள்ளிவிடும், அந்த ஒன்றால் முழுப் பொதியும் திரும்பி வரும். மரச்சட்டம் ஒன்றை அளவுக்குச் செய்து, ஒவ்வொரு பெட்டியையும் அதற்குள் விட்டுப் பாருங்கள்.

காலநிலையும் ஆய்வின் பகுதி. இங்கே மாரியில் பின்னியதை ஈரம் போகாமல் பொலித்தீனில் அடைத்தால் கடல் பயணத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டு ஓலை முறுகி வெடிக்கும். எனவே மாதிரிகள் இரண்டை அங்கே ஒரு மாரி முழுவதும் வைத்திருக்கச் சொல்லி, மாதம் ஒரு முறை பிடியின் அடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலில் வெடிப்பது அந்த மடிப்பில்தான். சாயம் போட்டதை ஈரமான வெள்ளைத் துணியால் 10 தரம் தேய்த்துப் பாருங்கள். அவுஸ்திரேலியாவுக்கு என்றால் பூச்சி, மண், விதை, மரப்பட்டை ஒன்றும் ஒட்டியிருக்கக் கூடாது. பின்னும் இடத்தில் நெல் காயவிடுவதை நிறுத்துங்கள்; ஓலை மடிப்புக்குள் ஒரு நெல்மணி போனாலும் துறைமுகத்தில் பொதியை மறித்துவிடுவார்கள்.